வண்டியில் காமிரா: தராசைப் போல நேராக நிற்க வேண்டும்

சொந்தமாகக் குட்டியானையோ, லோடு ஆட்டோவோ, மினி லாரியோ வைத்து ஊர் ஊராகச் சரக்கு போடும் வணிக அன்பர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். "என் வண்டியில்தான் ஏற்கெனவே காமிரா இருக்கிறதே" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காமிரா இருந்தும் அது உதவாமல் போன கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மழை தூறிக்கொண்டிருந்த இரவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலைந்து கடைகளுக்கு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் இறக்கிவிட்டு எங்கள் வண்டி ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தது. மம்சாபுரம் விலக்குக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வண்டியில் உரசி விழுந்தது. ஓட்டி வந்த இளைஞருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. "திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டார்" என்றார் எங்கள் ஓட்டுநர். "வண்டிதான் முந்தப் பார்த்து இடித்தது" என்றார்கள் அங்கே கூடியவர்கள். எனக்கு ஒரே ஒரு தைரியம். வண்டியில் காமிரா இருக்கிறது, பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

கடைக்கு வந்து கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். படத்தில் பாதியை முன் கண்ணாடியில் தொங்கிய மாலையும் எலுமிச்சம்பழமும் மறைத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் வைப்பரும் டேஷ்போர்டும் தெரிந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த ரப்பர் கிண்ணம் பகல் வெயிலில் தளர்ந்து காமிரா தலைகுனிந்துவிட்டது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, யாரும் கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு மூலையில் விழுந்திருந்த தேதி எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு ஜனவரி மாதத்தைக் காட்டியது. "டங்" என்று ஒரு சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. அந்தச் சத்தம் யார் பக்கமும் பேசவில்லை.

போலீசுக்கும் இன்சூரன்சுக்கும் முறைப்படி சொன்னோம். அந்த இளைஞரின் சிகிச்சைச் செலவுக்கு எங்களால் ஆனதைக் கொடுத்தோம். அது பெரிய காரியமில்லை. பதினோரு வருடமாக என்னிடம் வேலை பார்த்த ஓட்டுநர் மறுநாள் காலை சாவியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "பணம் போனா வந்துரும் அண்ணாச்சி. நான் சொன்னத அந்தக் காமிராவும் சொல்லல. ராத்திரி நீங்களும் ரெண்டு தடவ திருப்பித் திருப்பிக் கேட்டீங்க பாருங்க, அதான் மனசு ஒப்பல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நான்கு மாதம் அவர் வேறு லாரியில் போனார்.

காமிராவைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். படித்ததையும் கையைச் சுட்டுக்கொண்டு கற்றதையும் நம் உறுப்பினர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதுகிறேன்.

படகு கற்றுக்கொடுத்த பாடம்

என் தங்கை வீட்டுக்காரர் தூத்துக்குடியில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். கடலில் மீன்பிடிப்பதைப் படம் எடுப்பதற்காகப் படகில் ஒரு ஆக்‌ஷன் காமிரா பொருத்தியிருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "மச்சான், நல்ல காமிரா வாங்குறது ஒரு நாள் வேலை. அதை அசையாம நிக்க வைக்கிறதுதான் வருஷம் பூராவும் வேலை. கயிறு கட்டாத சாமான் கடலுக்குச் சொந்தம்."

படகுக்கும் நம் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலில் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஒரு வேகப் படகு 30 நாட் வேகத்தில் பாய்ந்தால் அது மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நம் சரக்கு வண்டி போகும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். அங்கே அலையின் மேல் படகு அறைகிறது என்றால் இங்கே வேகத்தடையிலும் பள்ளத்திலும் வண்டி அறைகிறது.

ஓடும் வாகனத்தில் காமிராவுக்கு மூன்று எதிரிகள். முதலாவது அதிர்வு. இரண்டாவது தண்ணீர், படகில் உப்புநீர்த் துளி, நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை. மூன்றாவது வெயில். இந்த மூன்றையும் படகுக்காரர்கள் நமக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். காமிராவைத் தாங்கும் கை நீளமாக இருந்தால் ஆட்டம் பலமடங்காகும் என்பதும், ரப்பர் கிண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதும், எந்தப் பிடிப்பு இருந்தாலும் இன்னொரு பாதுகாப்புக் கயிறு வேண்டும் என்பதும் அவர்கள் அனுபவம். இந்த மூன்றும் நம் வண்டிக்கும் அப்படியே பொருந்தும்.

எந்தக் காமிராவை வாங்குவது?

கடையில் போய் நின்றால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று ஆக்‌ஷன் காமிரா. கடல் அலையில் சறுக்கி விளையாடும்போது தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ள வழி தேடிய அமெரிக்க இளைஞர் நிக் உட்மன் 2002ல் தொடங்கிய கம்பெனிதான் கோப்ரோ. 2004ல் அவர்கள் விற்ற முதல் காமிரா மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் காமிரா. இன்று அந்த வகைக் காமிராக்கள் தண்ணீருக்குள்ளும் வேலை செய்கின்றன. ஆட்டத்தைத் தாமே சமன்செய்து வழுவழுப்பான படம் தருகின்றன.

மற்றொன்று டேஷ் காமிரா. வண்டியின் முன் கண்ணாடியில் நிரந்தரமாக இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. சாவியைத் திருப்பியதும் தானே படம் எடுக்கத் தொடங்கும். வண்டியை அணைத்தால் தானே நிற்கும். 2013 பிப்ரவரி 15ஆம் தேதி ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் ஒரு விண்கல் வெடித்தபோது அது எத்தனையோ கோணங்களில் படமாகி உலகமெங்கும் பார்க்கக் கிடைத்ததே, அவற்றில் பல அங்கே கார்களில் ஓடிக்கொண்டிருந்த இந்தச் சாதாரணக் காமிராக்கள் எடுத்தவை. படம் எடுக்க வேண்டும் என்று யாரும் நினைத்து எடுத்ததில்லை. நினைக்காமலே எடுப்பதுதான் அதன் பெருமை.

வாங்கும் முன் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் காமிராவிடம் நாளை என்ன கேட்கப் போகிறோம்? கடைக்கு விளம்பரப் படம் வேண்டுமென்றால் ஆக்‌ஷன் காமிரா சரி. "அன்று இரவு ரோட்டில் என்ன நடந்தது?" என்று கேட்கப் போகிறோம் என்றால் மூடிய கேபின் உள்ள வண்டிக்கு டேஷ் காமிராவே ஏற்றது. காரணங்கள் இவை:

ஆக்‌ஷன் காமிராவின் பேட்டரி உயர்தரப் படத்தில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். நம் வண்டியோ காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவுதான் திரும்பும். ஒவ்வொரு நடையிலும் பட்டனை அமுக்க வேண்டும். சரக்கு இறக்கும் அவசரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. அடுத்தது, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் லித்தியம் பேட்டரி உப்பும். டேஷ் காமிராவில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் என்ற பொருளை வைத்த மாதிரிகள் உண்டு. அது சூட்டைத் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அதைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

விலையிலும் வித்தியாசம் அதிகம். டேஷ் காமிரா மூவாயிரம், நாலாயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. பேர் பெற்ற ஆக்‌ஷன் காமிராவுக்கு முப்பதாயிரத்துக்கு மேலும் ஆகும்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். கதவில்லாத, மழைச் சாரல் உள்ளே அடிக்கும் மூன்று சக்கர லோடு ஆட்டோவில் சாதாரண டேஷ் காமிரா ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அங்கே நீர் புகாத வகையைத்தான் தேட வேண்டும். இருசக்கர வண்டியில் சரக்கு கொண்டுபோகும் பையன்களுக்கும் அப்படியே. ஆனால் ஹெல்மெட்டில் துளை போட்டோ பசை போட்டோ எதையும் ஒட்ட வேண்டாம். தலையைக் காக்கும் பொருளைப் பலவீனமாக்கி ஒரு படம் எடுக்கத் தேவையில்லை.

"4கே" என்று பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரண 1080 வகைப் படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே படத்தில் அதைப் போல் நான்கு மடங்கு. பகலில் இது நல்லதுதான். இரவில் கதை வேறு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகர்கிறது. காமிரா வினாடிக்கு 30 படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே வண்டி அரை மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. வெளிச்சம் குறைந்தால் காமிரா கண்ணை நெடுநேரம் திறந்து வைக்கும். எதிரே உள்ள நம்பர் பலகை இழுபட்டுப் போகும். ஆகவே கடைக்காரரிடம் இரவில் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சமும் இருட்டும் கலந்த இடத்தைச் சமாளிக்கும் டபிள்யூ.டி.ஆர். வசதி உள்ளதா என்றும் கேளுங்கள். மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பியவர்களுக்கு மலைப்பக்கம் சாயும் வெயில் கண்ணாடியில் எப்படி அடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதேபோல் "170 டிகிரி அகலம்" என்பதும் முழு லாபமில்லை. அகலம் கூடக்கூட எதிரே உள்ள பொருள் சிறுத்துக்கொண்டே போகும். பத்து மீட்டர் முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் எறும்பாகத் தெரிந்தால் நமக்கு என்ன பயன்? 130, 140 டிகிரி நம் தேவைக்குப் போதும்.

எதை வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. முறையில் வரி கட்டும் வணிகர் தம் எண்ணைப் பில்லில் போடச் சொன்னால் வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்ற முறையில் உள்ளீட்டு வரி வரவை எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

இனிதான் முக்கியமான பகுதி.

இடம்: பின்பார்வைக் கண்ணாடிக்கு மறைவாக, ஓட்டுநருக்கு இடப்புறம், முன் கண்ணாடியின் மேல் பகுதி. ஓட்டுநரின் பார்வையில் ஒரு அங்குலத்தைக்கூட மறைக்கக் கூடாது. வைப்பர் துடைக்கும் வட்டத்துக்குள் அந்த இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மழையில் தண்ணீர்த் துளியைத்தான் படம் எடுக்கும். சாமி படமும் மாலையும் இருக்கட்டும். அவற்றை டேஷ்போர்டின் இடது ஓரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தெய்வம் மனத்தாங்கல் கொள்ளாது.

பிடிப்பு: ரப்பர் கிண்ணத்தைவிட இருபுறமும் ஒட்டும் பட்டை நல்லது. ஒட்டும் முன் கண்ணாடியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அழுத்திப் பிடித்து ஒட்ட வேண்டும். ஒட்டியபின் 24 மணி நேரம் அதன் மேல் பாரம் ஏற்றக் கூடாது. ஆகவே சனிக்கிழமை இரவு பட்டையை ஒட்டி, ஞாயிறு இரவு காமிராவை மாட்டுங்கள். கண்ணாடிக்கும் காமிராவுக்கும் நடுவே உள்ள கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. தூத்துக்குடிப் பாடத்தை மறக்காமல் ஒரு சின்ன நைலான் கயிற்றால் காமிராவைப் பின்பார்வைக் கண்ணாடியின் தண்டோடு கட்டிவிடுங்கள். பட்டை விட்டாலும் காமிரா ஓட்டுநரின் கால் மிதிக்குள் போய் விழாது.

கோணம்: வானம் படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. காலி வண்டியில் கோணத்தைச் சரிசெய்கிறார்கள். மூட்டை ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். காமிரா வானத்தைப் பார்க்கும். பாதிப் பாரம் ஏற்றிவிட்டுக் கோணம் வையுங்கள். காலியிலும் முழுப் பாரத்திலும் அது ஏறக்குறைய ஒத்துவரும்.

மின்சாரம்: சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் செல்போன் சார்ஜருக்காக யாராவது பிடுங்கிவிடுவார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸிலிருந்து தனி இணைப்பு எடுப்பது நல்லது. வண்டி நிற்கும்போதும் காமிரா ஓட வேண்டுமென்றால் வோல்டேஜ் குறைந்ததும் தானே துண்டிக்கும் கருவியைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இல்லையேல் காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டிவரும்.

கார்டும் தேதியும்

காமிராவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு மெமரி கார்டில் மிச்சம் பிடிப்பவர்கள் நம்மில் அதிகம். இரவும் பகலும் எழுதி அழித்து எழுதும் வேலைக்கென்றே "ஹை எண்டூரன்ஸ்" என்று போட்ட கார்டுகள் வருகின்றன. அவற்றையே வாங்குங்கள். சாதாரண 1080 படம் ஒரு மணி நேரத்துக்கு ஏழு ஜி.பி.க்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும் என்று வைத்தால் 64 ஜி.பி. கார்டில் சுமார் ஒன்பது மணி நேரம் அடங்கும். கார்டு நிறைந்ததும் பழைய படத்தை அழித்து அதன் மேல் புதியது ஏறும். அதாவது நேற்றுக் காலை நடந்ததை இன்று இரவு தேடினால் கிடைக்காது.

விபத்து நேர்ந்தால் அந்தத் துண்டு அழியாமல் பூட்டிக்கொள்ள, அதிர்வை உணரும் கருவி காமிராவுக்குள்ளேயே இருக்கிறது. கடையில் கொடுக்கும்போது அது காருக்கு ஏற்ற அளவில் இருக்கும். நம் சரக்கு வண்டி காலியாக ஓடும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பையும் விபத்து என்று நினைத்துக் காமிரா பூட்டிக்கொண்டே போகும். கடைசியில் கார்டு முழுக்கப் பூட்டிய துண்டுகள் நிறைந்து, புதிதாக எழுத இடமில்லாமல் நின்றுவிடும். ஆகவே அந்த உணர்வைக் "குறைவு" என்ற அளவில் வையுங்கள். உண்மையான விபத்து என்றால் ஓட்டுநரே பூட்டும் பட்டனை அமுக்கட்டும். அந்தப் பட்டன் எது என்பதை அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.

தேதியையும் நேரத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். தேதி தவறிய படம் தேதி போடாத பில்லைப் போன்றது. நாம் எவ்வளவு உண்மை பேசினாலும் எதிராளி முதலில் கைவைப்பது அங்கேதான்.

விபத்து நடந்துவிட்டால்

காமிரா இருக்கட்டும், முதலில் மனிதர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தம் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ அது முடியாமல் போனால் மட்டுமே விலக்கு. அருகிலுள்ள காவல் நிலையத்தில் இயன்ற அளவு விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் சொல்ல வேண்டும்.

அடுத்ததாகக் கார்டைக் கழற்றுங்கள். வேறு கார்டைப் போடுங்கள். கழற்றிய கார்டை ஒரு கவரில் வைத்து, தேதி, நேரம், வண்டி எண் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வையுங்கள். பார்ப்பதற்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். வெட்டவோ ஒட்டவோ கூடாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடும். அந்தப் பிரதியை ஆதாரமாக நம்பியிருக்க வேண்டாம். நாலு பேருக்குப் பரப்பவும் வேண்டாம். அடிபட்டவரும் நம்மைப் போல் ஒரு குடும்பத்துப் பிள்ளைதான்.

நீதிமன்றத்தில் இது செல்லுமா என்று பலரும் கேட்கிறார்கள். செல்லும், முறைப்படி கொடுத்தால். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளைப் பற்றியது. பழைய சட்டத்தில் 65பி என்று வழக்கறிஞர்கள் சொல்லிவந்ததுதான் இது. பதிவின் பிரதியைக் கொடுக்கும்போது, எந்தக் கருவியில், எப்படி எடுத்தது என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அசல் கருவியையே கொண்டுவந்து உரியவர் சாட்சி சொல்லாத நிலையில் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020ல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் தெளிவுபடுத்தியது. புதிய சட்டத்தின் சான்றிதழில் ஹேஷ் மதிப்பு என்ற எண்ணும் கேட்கப்படுகிறது. நாம் மூட்டைக்கு வைக்கும் சீலைப் போன்றது அது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சான்றிதழில் ஒரு பகுதியை நாமும் இன்னொரு பகுதியை வல்லுநர் ஒருவரும் தர வேண்டும். ஆகையால் அசல் கார்டைத் தொடாமல் வைத்து, வழக்கறிஞரைக் கலந்துகொள்வதே சரியான வழி.

ஓட்டுநரின் மனசு

காமிராவை வாங்கி மாட்டுவதற்கு முன் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். "உன்னை நோட்டம் விடத்தான் முதலாளி இதை மாட்டியிருக்கிறார்" என்று நாலு பேர் அவர் காதில் ஓதுவதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும். கேபினுக்குள் முகத்தைப் பார்க்கும் காமிரா தேவையா என்று இருமுறை யோசியுங்கள். என் வண்டியில் அது இல்லை. குரல் பதிவையும் அணைத்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் இருக்கும் மனிதர் வீட்டுக்குப் போன் பேசுவார், கிளீனரோடு சிரிப்பார், நம்மைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது நம் வேலையல்ல. ரோட்டைப் பார்க்க முன்னால் ஒன்று, சரக்கு இறக்கும் இடத்தையும் பின்னோக்கி எடுப்பதையும் பார்க்கப் பின்னால் ஒன்று. இது போதும்.

இதையெல்லாம் செய்து முடித்தபின் நானே அந்த ஓட்டுநரின் வீட்டுக்குப் போனேன். காமிராவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அன்னைக்கு ரெண்டு தடவ கேட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை வந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

2025ல் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் வாரம். கடைத்தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எங்கள் வண்டி பின்னோக்கி வரும்போது ஒரு அம்மா வைத்திருந்த பால்கோவாக் கண்ணாடிப் பெட்டி விழுந்து நொறுங்கியது. வண்டி படவே இல்லை, கூட்டத்தில் யாரோ தட்டிவிட்டார்கள் என்று எங்கள் ஓட்டுநர் உறுதியாக நம்பினார். கடைக்கு வந்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். தேதி சரி, நேரம் சரி, கோணம் சரி. வண்டியின் பின் ஓரம்தான் பெட்டியைத் தட்டியது, பளிச்சென்று தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தத் தடவ தப்பு நம்மது, அண்ணாச்சி" என்றார். அன்று மாலையே அவரே போய் அந்த அம்மாவிடம் பெட்டிக்கும் சரக்குக்கும் பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

நம் கடைத் தராசு நமக்காகவும் இல்லை, வாடிக்கையாளருக்காகவும் இல்லை. அது இருவருக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம், தட்டு சமமாக நிற்கிறதா என்று காலையில் பார்க்கிறோம். வண்டிக் காமிராவும் அப்படித்தான். நம் பக்கம் பேசும் என்று நினைத்து அதை மாட்டக் கூடாது. நேராக நிற்க வைத்தால் உள்ளதைச் சொல்லும். கவனிக்காமல் விட்டால் ஒன்றும் சொல்லாது.

மம்சாபுரம் விலக்கில் அன்று இரவு தவறு யார் பக்கம் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. இந்தக் கடன் என் கணக்கில் அப்படியே நிற்கிறது. உங்கள் கணக்கில் அப்படி ஒன்று ஏறாமல் இருக்க, திங்கட்கிழமை காலையில் வண்டிக்கு டீசல் அளவு பார்க்கும்போதே ஐந்து விஷயத்தையும் பார்த்துவிடுங்கள்: லென்ஸ் துடைத்திருக்கிறதா, கோணம் நேராக உள்ளதா, பட்டையும் கயிறும் பிடித்திருக்கின்றனவா, தேதி சரியா, நேற்று எடுத்த படம் கார்டில் இருக்கிறதா. இரண்டு நிமிட வேலைதான்.